சத்தம் நின்றுபோன கணினி

மேசைக் கணினியில் சத்தம் வராமல் போனால் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கிடைக்கிற தீர்ப்பு ஒன்று உண்டு: "ஆன்போர்டு சவுண்ட் போயிடுச்சு சார், மதர்போர்டையே மாத்தணும்." கேட்டவருக்கு வேறு வழி தெரியாது. சில ஆயிரங்களைக் கொடுத்துப் போர்டை மாற்றுகிறார். பழைய போர்டுக்கு இணையானது கிடைக்கவில்லை என்றால் பிராசஸரும் ராமும் சேர்ந்து மாறுகின்றன. சத்தத்துக்காகப் போனவர் பாதிக் கணினியைப் புதிதாக வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். இந்தத் தீர்ப்பை நான் இரண்டு காரணங்களுக்காக எதிர்க்கிறேன். சத்தம் வராத கணினிகள் பலவற்றில் ஒலிச் சிப் நல்ல நிலையில்தான் இருக்கும்; கோளாறு வேறு எங்கோ இருக்கும். சிப் உண்மையிலேயே செத்துப்போயிருந்தாலும் அதற்காகப் போர்டை மாற்ற வேண்டியதில்லை.

ஒலி எப்படிப் போர்டுக்குள் குடியேறியது என்பதிலிருந்து தொடங்கினால் இது புரியும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஒலிக்கென்று தனிச் சிப் கிடையாது. 8253 என்ற டைமர் சிப் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் துடிக்கவைக்கும்; வருவது 'பீப்' மட்டும்தான். 1987-இல் கனடாவிலிருந்து அட்லிப் கார்டு வந்தது. அதில் யமஹா சிப் இசையை உண்டாக்கியது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. சிம் வாங் ஹூ 1981-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கார்டுதான் அடுத்த பத்தாண்டுக்குக் கணினி ஒலியின் அளவுகோல். அந்நாளில் சவுண்ட் கார்டு பழுதானால் ஒரு திருகைக் கழற்றி வேறு கார்டைச் செருகினால் வேலை முடிந்தது.

1997-இல் இன்டெல் ஏசி 97 என்ற வரையறையைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. ஒலி வேலையை அது இரண்டாகப் பிரித்தது. டிஜிட்டல் கணக்கெல்லாம் சிப்செட்டுக்குப் போனது. டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பொறுப்பு 'கோடெக்' என்ற மலிவான தனிச் சிப்புக்கு வந்தது. 2004-இல் எச்டி ஆடியோ வந்தது. எட்டுச் சானல், 32 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை அது இடம் கொடுத்தது. கார்டுக்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவை இல்லாமல் போனது. பள்ளிக்கும் வீட்டுக்கும் வாங்கிய மலிவு விலைக் கணினிகளிலும் பாட்டும் பாடமும் கேட்டதற்கு இதுதான் காரணம். நல்ல மாற்றம்தான். ஆனால் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்த உறுப்பு பற்றவைத்த உறுப்பாகிவிட்டது. கடைக்காரரின் தீர்ப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பின்பக்க ஜாக்குகளுக்கு அருகே பாருங்கள். விரல் நகத்தைவிடச் சிறிய சதுரச் சிப் ஒன்று இருக்கும். நாற்புறமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 48 கால்கள். பெரும்பாலும் அதன் மேல் ஒரு நண்டுச் சின்னம் தெரியும். தைவானின் ரியல்டெக் நிறுவனத்தின் சின்னம் அது. ஏஎல்சி 887, 892, 897 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். அதைச் சுற்றி உருளை வடிவக் கெபாசிட்டர்கள் சில நிற்கும். இந்தச் சிறு பகுதிதான் கோடெக். இதற்குக் கட்டளையிடும் கண்ட்ரோலர் இங்கே இல்லை. அது சிப்செட்டுக்குள்ளேயோ பிராசஸருக்குள்ளேயோ இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில மெல்லிய தடங்கள் மட்டுமே.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி. கோடெக் செத்தாலும் கண்ட்ரோலர் உயிரோடு இருக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்' பட்டியலில் எச்டி ஆடியோ கண்ட்ரோலர் ஒழுங்காகத் தெரிந்து, 'சவுண்ட்' பட்டியலில் ரியல்டெக் மட்டும் காணாமல் போயிருந்தால் சந்தேகம் கோடெக் மேல் விழ வேண்டும். லினக்ஸ் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிடும்: கெர்னல் பதிவில் கோடெக் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவைக்கும். சிப் இறந்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி மென்பொருள் பக்கத்தில் கிடைக்காது. மாறாக, பட்டியலில் எல்லாமே சரியாக இருந்து, ஒலி அளவைக் காட்டும் பச்சைப் பட்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், சிப்பைக் குறை சொல்லும் முன் தேட வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன.

முதல் இடம் ஜாக். பின்பக்கத்தில் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று மூன்று வண்ணங்கள் இருக்கும்; பிசி 99 வழிகாட்டுதல் வகுத்த ஒழுங்கு அது. பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. ஒவ்வொரு ஜாக்கின் உள்ளேயும் ஒலியைச் சுமக்கிற தகடுகளோடு ஒரு சுவிட்சும் இருக்கிறது. பிளக்கைச் செருகியதும் மெல்லிய தகடு ஒன்று நகர்ந்து கோடெக்குக்குச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு ஜாக்குக்கும் வெவ்வேறு அளவில் ஒரு ரெசிஸ்டர்: 5.1 கிலோ ஓம், 10, 20, 39.2. ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகும் அளவுகள் என்பதால், எந்தெந்த ஜாக்குகளில் பிளக் இருக்கிறது என்பதை மொத்தத் தடையை அளந்தே கோடெக் கண்டுபிடித்துவிடும். ஒரே ஒரு கம்பியில் நான்கு ஜாக்கின் நிலவரமும் தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைக் கெடுப்பது தூசும் ஈரமும் களிம்பும்தான். கடலோர ஊர்களில் அந்தத் தகடு சில ஆண்டுகளில் கறுத்துவிடுகிறது. ஹெட்போனைப் பல ஆண்டுகள் முன்பக்க ஜாக்கில் செருகிச் செருகி எடுத்தால் தகடு வளைந்து, பிளக்கை எடுத்த பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். இதன் விளைவை நேரில் பார்க்காதவர் நம்பமாட்டார். முன்பக்கத்தில் ஹெட்போன் இருப்பதாகவே கோடெக் எண்ணிக்கொண்டிருக்கும்; பின்பக்க ஸ்பீக்கரை டிரைவர் அடக்கி வைத்துவிடும். பயனருக்குத் தெரிவதெல்லாம் ஸ்பீக்கரில் சத்தம் இல்லை என்பதுதான். கணினியை நிறுத்தி, மின்கம்பியை உருவி, மதர்போர்டில் முன்பக்க ஆடியோ கேபிள் செருகியிருக்கும் இடத்திலிருந்து அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். பத்து பின் அமைப்பில் ஒரு பின் இல்லாத சிறு செருகி அது. எடுத்தவுடன் பின்பக்கத்தில் சத்தம் வந்தால், செத்தது கோடெக் இல்லை, முன்பக்க ஜாக்தான். அதற்குச் செலவு எதுவும் இல்லை; அந்தக் கேபிளை அப்படியே விட்டுவிட்டால் போதும்.

ஏசி 97 காலத்துப் பழைய போர்டுகளில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல். அவற்றில் பின்பக்கத்துக்குப் போகும் ஒலி முன்பக்க ஜாக்கைச் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். முன்பக்கக் கேபிள் இல்லையென்றால் 5-ஆம் பின்னையும் 6-ஆம் பின்னையும், 9-ஐயும் 10-ஐயும் ஜம்பர் போட்டு இணைத்திருக்க வேண்டும். கேபினட் மாற்றும்போது அந்த இரண்டு ஜம்பரும் எங்கோ விழுந்துவிட்டால் பின்பக்கம் ஊமை. இப்படிப்பட்ட போர்டுகள் இன்னும் சில அலுவலகங்களில் ஓடுகின்றன; அவற்றைப் பார்ப்பவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மைக் வேலை செய்யவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி செல்போன் ஹெட்செட்டால் வருகிறது. அதன் பிளக்கில் நான்கு தொடுபகுதிகள். கணினி ஜாக்கில் மூன்றுக்கு மட்டுமே இடம். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு கேபிள் வாங்கினால் தீர்ந்துவிடும். விண்டோஸின் பிரைவசி அமைப்பில் மைக்கை யாரோ அணைத்து வைத்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

மென்பொருள் பக்கத்தை நீட்டி எழுதத் தேவையில்லை. மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தவுடன் கிராபிக்ஸ் சிப் தனக்கென்று ஓர் ஒலிச் சாதனத்தைக் காட்டும். விண்டோஸ் சத்தத்தை அங்கே திருப்பிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. டிரைவர் அப்டேட் ஆன மறுநாள் சத்தம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பணிப்பட்டையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும். விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கெர்னல் புதிதாகத் தொடங்கும். அதிலும் தீராவிட்டால் மின்கம்பியையே உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். குழம்பிப்போன கோடெக் சில போர்டுகளில் அந்த மின்சாரத்தின் துணையில் குழப்பத்தைவிட்டு வெளியே வராமலேயே இருந்துவிடும். லினக்ஸ்காரர்கள் டெர்மினலில் அல்சாமிக்சரைத் திறந்து, எந்தச் சானலிலாவது மியூட் குறி இருக்கிறதா, 'ஆட்டோ மியூட்' எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாச் சந்தேகத்தையும் ஒரே அடியில் பிரித்துக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். 'முயன்று பார்' என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. அங்கே சத்தம் வந்தால் உங்கள் ஒலி வன்பொருள் நலம், பழுது விண்டோஸில். அங்கேயும் வராமல், ஒலிச் சாதனமே பட்டியலில் இல்லாமல் போனால், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, சிப்பை ஐயப்படலாம். போர்டை மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம், இந்தப் பரிசோதனையைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

கோடெக் உண்மையாகவே சாவதும் உண்டு. கெபாசிட்டர் வற்றிப்போவது ஒரு காரணம். அப்போது சத்தம் ஒரேயடியாக நிற்காது, நாளுக்கு நாள் மெலிந்து கரகரக்கும். நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது எர்த் இல்லாத மின்னிணைப்பை. கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் மின்னிரைச்சலை வடிகட்ட, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் கேபினட் தகட்டுக்குச் சிறு கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். சுவரில் மூன்று துளை இருந்தும் மூன்றாவதற்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் ஏராளம். அங்கே கேபினட் முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் மனிதருக்குக் கையில் சுருக்கென்ற உணர்வு மட்டும் தெரியும். "லேசா ஷாக் அடிக்குது" என்று விட்டுவிடுவார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே கேபினட்டிலிருந்து ஒரு கேபிளை, கேபிள் டிவி வயரோடு இணைந்த ஆம்பிளிஃபயரில் செருகினால் கதை வேறு. ஆர்சிஏ பிளக்கின் நடுக்குச்சி, சுற்றியுள்ள வளையத்துக்கு முன்பே தொட்டுவிடும் அமைப்புடையது. அந்தக் கணத்தில் மிதந்துகொண்டிருந்த மின்னழுத்தம் முழுவதும் ஒலிக்கம்பி வழியாக, 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத கோடெக்கின் காலுக்குப் போகிறது. "ஹோம் தியேட்டர்ல மாட்டினேன், அன்னிலேர்ந்து சவுண்டே இல்ல" என்பவர்களின் போர்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான். எர்த்தைச் சரிசெய்யாமல் போர்டை மாற்றினால் அடுத்த போர்டுக்கும் அதே கதி. ஆகவே ஆம்பிளிஃபயரை மாட்டும்போதாவது இரண்டையும் அணைத்துவிட்டு மாட்ட வேண்டும். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்ல வேண்டும்.

ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு 'ம்ம்ம்' கேட்டால் அதுவும் பெரும்பாலும் எர்த் விவகாரமே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல் அது. டாஸ்லிங்க் என்ற ஒளிக்கேபிள் வழி இருந்தால் இரண்டு கருவிக்கும் இடையே உலோகத் தொடர்பே இருக்காது; முனகல் நின்றுவிடும்.

இனி மாற்று வழிகள். சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பிற ஊர்களிலும் இருக்கிறார்கள். ஹாட் ஏர் வைத்துப் பழைய கோடெக்கை எடுத்து, வேறு செத்த போர்டிலிருந்து அதே எண்ணுள்ள சிப்பைப் பற்றவைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. கோடெக் ஷார்ட் ஆகிக் கொதித்து, கணினியே துவங்க மறுக்கும் நிலையில் இவர்களிடம் போவதைத் தவிர வழியில்லை. அந்தச் சிப்பை எடுத்தால்தான் போர்டு பிழைக்கும். மற்றபடி சத்தம் ஒன்றுக்காக மட்டும் நல்ல போர்டைச் சூடேற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கைதேர்ந்தவர் கையிலும் பக்கத்துச் சிறு உறுப்புகளுக்கு ஆபத்து உண்டு.

போர்டை மாற்றுவது கடைசி வழியாகக்கூட இருக்கக்கூடாது. பணம் போவது ஒருபுறம். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் போர்டோடு பிணைந்திருப்பதால் அதுவும் சிக்கலாகும். கிராபிக்ஸ், நெட்வொர்க், யுஎஸ்பி எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பலகை, ஓரத்துச் சிப் ஒன்றுக்காகக் குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

நான் முதலில் கைநீட்டுவது யுஎஸ்பி சவுண்ட் கார்டை நோக்கித்தான். கட்டைவிரல் அளவு, விலை சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது, உள்ளே பெரும்பாலும் தைவானின் சி-மீடியா சிப் இருக்கும். 1998-இல் வகுத்த யுஎஸ்பி ஆடியோ வரையறைப்படி இயங்குவதால் டிரைவர் தேட வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். மிக மலிவானதில் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். பாட்டுக்கும் வகுப்புக்கும் அது தாராளம். மைக் பக்கம்தான் பலவீனம்: ஒற்றைச் சானல், கொஞ்சம் இரைச்சல். குரல் பதிவு செய்பவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துத் தரமான இன்டர்ஃபேஸ் வாங்கட்டும். இதை ஏதோ தற்காலிக ஒட்டு என்று குறைத்து எண்ண வேண்டாம். ரியல்டெக்கின் ஏஎல்சி 4080 கோடெக்கைக் கொண்ட விலை உயர்ந்த புதிய போர்டுகளில் ஆன்போர்டு ஒலியே உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. மாற்றிய பிறகு பயாஸில் பழைய ஆன்போர்டு ஆடியோவை அணைத்துவிடுங்கள். செத்த சிப்பைத் தேடி இயங்குதளம் தடுமாறாமல் இருக்கும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு விளையாட்டுக்கும் பல ஸ்பீக்கர் அமைப்புக்கும் நல்லது. ஆனால் 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஒலிக் கணக்கை மென்பொருளிலேயே செய்துகொள்வதால், கார்டின் பழைய மகிமை குறைந்துவிட்டது. பரணில் கிடக்கும் பழைய பிசிஐ கார்டை நம்ப வேண்டாம். புதிய போர்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த ஸ்லாட்டே இல்லை. எச்டிஎம்ஐ வழி ஒலி செலவில்லாதது. மானிட்டரின் பின்னால் ஹெட்போன் துளை இருந்தால் ஸ்பீக்கரை அங்கேயே மாட்டிவிடலாம், மைக் மட்டும் கிடைக்காது. புளூடூத் ஹெட்போனில் பாட்டு நன்றாகக் கேட்கும். அதன் மைக்கையும் இயக்கியவுடன் பெரும்பாலானவற்றில் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு விவரத்தையும் யாருக்காக எழுத வேண்டும் என்று கேட்டால், பார்வையற்ற கணினிப் பயனருக்காக என்பேன். மற்றவர்களுக்குச் சத்தம் போவது ஒரு தொந்தரவு. அவருக்குத் திரையே போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், இஸ்பீக் குரலின் துணையோடு தமிழையும் வாசிக்கிறது. அதனால் தமிழில் படிக்கவும் எழுதவும் முடிந்தவர்கள் பலர். கோடெக் நின்ற நொடியில் அவர்களுக்கு எல்லாம் நின்றுவிடுகிறது. மேலே சொன்ன பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை அவர்களால் தனியாகச் செய்ய முடியாது; டிவைஸ் மேனேஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும் குரலே இல்லை. விண்டோஸோடு வரும் நரேட்டரை விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுப்பலாம். ஆனால் அதுவும் அதே செத்த சிப் வழியாகத்தான் பேச வேண்டும்.

அதனால் பார்வையற்றோர் பயன்படுத்தும் கணினி ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டும் ஒரு ஹெட்போனும் எப்போதும் இருக்க வேண்டும். புதிதாகச் செருகிய ஒலிச் சாதனத்தை விண்டோஸ் பெரும்பாலும் தானே முதன்மையாக்கிக்கொள்ளும். செருகிவிட்டு, கன்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தி என்விடிஏவை மறுபடி தொடங்கினால் குரல் திரும்பிவிடும். பார்வையுள்ளவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் பழுது வந்தபின் தேடக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை செருகிப் பழகிவிட வேண்டும்.

பயாஸ் திரை மட்டும் இன்னும் இவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. இயங்குதளம் தொடங்கும் முன்பே வரும் அந்தத் திரையை என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் வாசிப்பதில்லை. யாராவது அங்கே ஆன்போர்டு ஆடியோவை அணைத்துவிட்டுப் போனால், பார்வையற்றவருக்கு அதை உள்ளே போய்ச் சரிசெய்ய வழியில்லை. ஆனால் விரலால் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. மின்கம்பியை உருவிவிட்டு, போர்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மறுபடி பொருத்தினால், பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் தன் தொடக்க நிலைக்குத் திரும்பும். அந்த நிலையில் ஆன்போர்டு ஆடியோ இயங்கும்படியே தயாரிப்பாளர்கள் வைத்திருப்பார்கள். கணினிப் பயிற்சி கொடுக்கும் பார்வையற்றோர் பள்ளிகள், அந்தப் பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை மாணவரின் கைபிடித்துத் தொட்டுக் காட்டிக் கற்பிக்கலாம்.